வாஷரில் தேங்காய் எண்ணெய்

மீன் வளர்க்க வேண்டும் என்று ரசலையனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. மீன் என்றால் அவருக்குச் சட்டியில் கொதிப்பதுதான். பேச்சிப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் ரப்பர் பால் வெட்டினார். ஓய்வு பெற்று குலசேகரத்தில் வீடு கட்டி உட்கார்ந்த மறு வருடமே மனைவி ராஜபாய் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகன் சஜின் தோஹாவில். 2013-இல் லீவுக்கு வந்தவன், அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று நாலடிக் கண்ணாடித் தொட்டியும் இரண்டு ஆஸ்கார் மீனும் வாங்கி முன்னறையில் வைத்துவிட்டு விமானம் ஏறினான். பெண்டாட்டி இருந்த வீட்டில் இரண்டு மீன். நல்ல புள்ளை, நல்ல யோசனை.

மீன்கள் நாள் முழுக்க அவரைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு வார்த்தை வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சஜின் போனில் கேட்பான்: சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, மீன் எப்படி இருக்கு. மூன்றுக்கும் ஒரே பதில்தான். பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மறு வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, தொட்டி ஸ்டாண்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அங்கேதான் ஃபில்டர் டப்பா இருந்தது. ஒரு குழாய் வழியாக அழுக்குத் தண்ணீர் அதற்குள் இறங்கி, ஸ்பாஞ்சில் வடிந்து, மூடியிலிருக்கும் மோட்டார் தள்ள மறு குழாய் வழியாகத் தொட்டிக்கு ஏறும். ரசலையன் மார்த்தாண்டத்தில் மீன் வாங்கிய கடைக்குப் போன் போட்டார். மத்தியானம் கடைக்காரன் ஷிபு பைக்கில் வந்தான். முப்பது வயதிருக்கும்.

"எங்கேருந்து வருதுன்னு பாக்காம ஒண்ணையும் களத்தப்படாது மாமா," என்றான். டப்பாவை ஈரமில்லாமல் துடைத்து, குழாய் மூட்டிலும் மூடி விளிம்பிலும் பழைய பேப்பரைக் கிழித்துச் சுற்றினான். பத்து நிமிடத்தில் மூடியில் சுற்றிய பேப்பர் மட்டும் நனைந்தது. பிளக்கைப் பிடுங்கி, இரண்டு வால்வையும் அடைத்து, கிளிப்பை நீக்கி மூடியைத் தூக்கினான். உள்ளே வட்டமாக ஒரு ரப்பர் வாஷர். அதன் பள்ளத்தில் ஒரு மணல் துணுக்கு. அவ்வளவுதான் விஷயம். கழுவித் துடைத்து மாட்டினான்.

"இனி அடியில பேப்பர் விரிச்சு ஒரு மணிக்கூர் பாக்கணும். நனையலைன்னா சரியாச்சு."

ரசலையன் நாற்காலி எடுத்துப் போட்டார், சாயா போட்டார், மரச்சீனிக் கிழங்கு அவித்தார். ஷிபு தன் மனைவி பிரிஜா நிறைமாதமாக இருப்பதைச் சொன்னான். மார்த்தாண்டம் ஜங்ஷனில் வண்டி மாட்டிக்கொண்டு மீன் செத்த கதையைச் சொன்னான். இவர் மரத்தில் ஆழமாகக் கீறினால் பட்டை எப்படிக் கெட்டுப்போகும் என்று விளக்கினார். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. அவன் உட்கார்ந்த நாற்காலியை அவர் எடுத்து உள்ளே போடவில்லை. அது அங்கேயே கிடந்தது.

அதன்பின் தினமும் காலையில் குனிந்து பார்த்தார். காய்ந்த தரை. மூன்று வாரம் ஒரு சொட்டு இல்லை. அவருக்கு ஃபில்டர் மேல் கோபம் வந்தது. சும்மா வா மக்கா என்று கூப்பிட்டால் அவன் வரத்தான் செய்வான். ஆனால் வேலையில்லாமல் ஒரு ஆளைக் கூப்பிட ரசலையனுக்கு வாய் வராது. அப்படிப்பட்ட பிறவி. ராஜபாயையே வெற்றிலை எடு, வெந்நீர் போடு என்று ஏதாவது சொல்லித்தான் பக்கத்தில் கூப்பிட்டிருக்கிறார்.

ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. எஸ்டேட்டில் எண்ணெய்க் கையோடு ஷீட்டைத் தொட்டால் சூப்பர்வைசர் தாறுமாறாக ஏசுவார். ரசலையனுக்குத் தெரியாததா? ஆனாலும் ஒரு நாள் அவன் செய்தபடியே பிளக்கைப் பிடுங்கி, வால்வை அடைத்து, வாஷரைக் கழற்றி, தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டார். அதுவரை மீன்கள் மூச்சு முட்டாதிருக்க, செம்பால் தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்றிக்கொண்டே இருந்தார். வாஷர் வீங்கியது. மாட்டினார். ஒழுகியது.

ஷிபு வந்து வாஷரை மோந்து பார்த்தான்.

"யாரு மாமா எண்ணெய் தேச்சது?"

"கதவுக்குத் தேப்போம்லா. அதுபோலத்தான்."

"கதவுக்குத் தேச்சா போதும். ரப்பர்ல எண்ணெய் பட்டா வீங்கிப்போவும், பின்ன இறுகி நிக்காது." கால் மணி நேரம் ரப்பரைப் பற்றிப் பாடம் நடத்தினான். முப்பத்தொரு வருடம் ரப்பரில் கிடந்த மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் தலையாட்டிக் கேட்டார். ஓரக்கண்ணால் சுவர்க்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். புது வாஷர் போட்டான். பேப்பர் விரித்தான். மறுபடி ஒரு மணிக்கூர். அந்த ஒரு மணிக்கூரில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் வெட்கம்.

அடுத்த மாதமும் ஒழுகியது. இந்தத் தடவை ஷிபு மோந்தும் பார்க்கவில்லை, ஏசவும் இல்லை. பையிலிருந்து வெள்ளையாக ஒரு வளையத்தை எடுத்தான்.

"உங்களுக்காகத்தான் மாமா தேடி எடுத்தது. சிலிக்கான். எண்ணெயிலயே போட்டு வச்சாலும் ஒண்ணும் ஆவாது. வயசான காலத்துல நீங்க கெடந்து ஒழுகுன வெள்ளத்தைக் கோருறது எனக்குச் சங்கடமா இருக்கு."

மாட்டி, கிளிப்பைப் போட்டுக் கையைத் துடைத்தான். ரசலையன் பேப்பரை விரித்து வைத்திருந்தார். அடுப்பில் சாயா கொதித்தது.

"ஒரு மணிக்கூர் பாக்கண்டாமா மக்கா?"

"இதுக்கு வேண்டாம் மாமா. பத்து வருஷத்துக்கு ஒழுகாது. வீட்டுல இப்பப் பொறந்த கொச்சு அழுதோண்டு இருக்கும். நான் போவட்டா?"

ரசலையன் கேட்வரை கூடவே நடந்தார். அவன் பைக்கில் ஏறிய பிறகுதான் கேட்டார்.

"இந்தப் பக்கம் வேற வீட்டுக்கு ஒண்ணும் வரமாட்டியா?"

"இல்ல மாமா. குலசேகரத்துக்கு உங்க ஒரு வீட்டுக்குத்தான் வந்தது," என்று சந்தோஷமாகச் சொன்னான் ஷிபு. "இனி உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

"சரி மக்கா. மழை வருது, பாத்துப் போ," என்றார் ரசலையன்.