வால் மாறிய பலூன்

காமிக்ஸ் படிக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் லொரேட்டா ஷிமான்ஸ்கியின் பெயர் உங்கள் கண்ணில் நூறு முறையாவது பட்டிருக்கும். நீங்கள் அதைப் படித்திருக்க மாட்டீர்கள். முதல் பக்கத்தில் கதை யார், ஓவியம் யார், வண்ணம் யார் என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில், யாருடைய முழங்காலுக்குக் கீழோ, ‘எழுத்து: எல். ஷிமான்ஸ்கி’ என்று இருக்கும். முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெயர் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியவந்த வாரத்தைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லவே அலுப்பாக இருக்கிறது. ஆனால் இதில் எனக்கும் பங்கு உண்டு. வேறு யாராவது சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

அமெரிக்காவின் ஈரி நகரத்தில், ஏரியிலிருந்து நாலு தெரு தள்ளி, இருபத்தாறு வருஷமாகக் காமிக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புதன்கிழமை புதுப் புத்தகம் வரும் நாள். அன்று காலை பதினோரு மணிக்கு லொரேட்டா வருவார். வயது அறுபத்து மூன்று. பேக்கரியில் இரண்டு பெப்பரோனி உருண்டை, உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி, வாங்கி வந்து ஒன்றை என் கல்லாமேல் வைப்பார். அப்புறம் தான் எழுத்து வைத்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். கதையைப் பார்க்க மாட்டார், பலூன்களின் வாலைத்தான் பார்ப்பார். பிறந்த குழந்தையின் விரலை எண்ணிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

கதாசிரியர் எழுதிய பேச்சைப் படத்தின்மேல் பலூன் பலூனாக எழுதி வைப்பதுதான் அவர் வேலை. பலூனிலிருந்து பேசுகிறவர் வாயை நோக்கி இறங்கும் அந்தச் சின்ன முனைக்குத்தான் வால் என்று பெயர். அது வாயைக் காட்ட வேண்டும், நெஞ்சைக் காட்டக் கூடாது. படத்தின் முக்கியமான இடத்தை பலூன் மறைக்கக் கூடாது. படிக்கிறவர் கண் எந்த பலூனுக்கு முதலில் போக வேண்டும் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார்.

“இவ்வளவு பண்ணியும் உங்களை யாருக்கும் தெரியலையே” என்று ஒருமுறை கேட்டேன்.

“தெரிஞ்சா நான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்னு அர்த்தம் வெண்டல்” என்றார்.

போன மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை, ‘சாம்பல் நாரை’யின் புது இதழிலிருந்து ஒரே ஒரு பக்கம் கசிந்தது. நாரை அறுபது வருஷமாக வருகிற முகமூடிக்காரன். துறைமுகத்துக் கூலிக்காரர்களுக்கும் போக்கிடம் இல்லாதவர்களுக்கும் கூட நிற்கிறவன். கதை எழுதுவது நெல் ஹார்டிகன் என்ற புதுப் பெண், இருபத்தொன்பது வயது, அது அவளுடைய இரண்டாவது இதழ். கசிந்த பக்கத்தில் மழை. கப்பல்துறையில் நாரையும் ஒரு நகரசபை உறுப்பினரும் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். இரண்டு பேரும் நீளக் கோட்டு, இருட்டில் வெறும் நிழல், உற்றுப் பார்த்தால்தான் ஒருவனுடைய முகமூடியின் முனை தெரியும். தூரத்தில் அகதிகளின் படகு ஒன்று கவிழ்கிறது. ஒரு பலூன் சொல்கிறது: ‘மூழ்கட்டும். நமக்கு வேலை மிச்சம்.’ இன்னொன்று சொல்கிறது: ‘அப்படிப் பேசாதே. கேட்கவே கூசுகிறது.’ முதல் பலூனின் வால் நாரையிடம் இருந்தது.

மதியத்துக்குள் பற்றிக்கொண்டது. ஒரு கூட்டம், நாரையைக் கெடுத்த இந்தப் பெண்ணை விரட்டு என்றது. இன்னொரு கூட்டம், இப்போதாவது நாரை உண்மையைப் பேசினானே என்று கொண்டாடியது. முதல் கூட்டத்தைவிட இரண்டாவது கூட்டம்தான் அவளுக்கு அதிகக் கெடுதல் செய்தது என்று நினைக்கிறேன். அவர்கள் பாராட்டப் பாராட்ட முதல் கூட்டத்துக்கு வெறி ஏறியது.

நானும் சும்மா இருக்கவில்லை. கடையின் இணையப் பக்கத்தில், சாண்ட்விச்சை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் தட்டினேன்: “இருபத்தாறு வருஷமா இந்த நாரையை வித்துக்கிட்டிருக்கேன். இந்தப் பொண்ணு ஒரே பக்கத்துல அவனைக் கொன்னுட்டா. பேரை ஞாபகம் வெச்சுக்கங்க: நெல் ஹார்டிகன்.” வழக்கமாக என் போஸ்டை ஒன்பது பேர் பார்ப்பார்கள். இதை நாலாயிரம் பேர் ஷேர் செய்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதன்கிழமை புத்தகம் வந்தது. கடை திறக்கும்போதே வாசலில் ஆள். பத்து வருஷமாகக் காமிக்ஸ் தொடாதவன்கூட அந்த இதழ் வேண்டும் என்றான். லொரேட்டா பதினோரு மணிக்கு வந்து, உருண்டையை வைத்துவிட்டு, நாரையைப் பிரித்தார். இணையத்தில் சண்டை நடப்பது அவருக்குத் தெரியும், எதற்கு என்று தெரியாது. அவர் பின்தொடர்வதெல்லாம் பூனைப் படம் போடுகிறவர்களைத்தான். ஐந்தாம் பக்கத்தில் அவர் கை நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புத்தகத்தை மூக்கருகில் கொண்டுபோனார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். திரும்பவும் ஐந்துக்கு வந்தார்.

“இதுக்காகவா அந்தப் பொண்ணைக் கிழிக்கிறாங்க?”

“பின்னே? நாரை பேசுற பேச்சா இது?”

“அவன் பேசலை வெண்டல். நான்தான் பேச வெச்சிருக்கேன். வால் மாறிப்போச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். எழுத்தெல்லாம் வைத்து முடித்த பிறகு, கடைசி நாள், ஓவியர் அந்தக் கட்டத்தை மட்டும் இடம் வலமாகப் புரட்டி அனுப்பியிருக்கிறார். படகு அடுத்த கட்டத்தில் சாயும் திசைக்கு ஒத்துவரவில்லையாம். லொரேட்டாவின் கம்ப்யூட்டர் ஃபைலில் எழுத்து மேலே ஓர் அடுக்கு, படம் கீழே ஓர் அடுக்கு. பழைய படத்தை உருவிவிட்டுப் புதியதைச் செருகினார். அன்று அது அவருக்கு மூன்றாவது புத்தகம், இடது கண்ணில் புரை வேறு. கீழே ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள். மேலே வால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டு பேரும் நிழல் என்பதால் பார்த்தவுடன் தெரியவில்லை. ப்ரூஃப் பார்த்த நாலு பேருக்கும் தெரியவில்லை. அதில் நெல்லும் ஒருத்தி.

“அடுத்த பக்கம் பார்த்தியா நீ?” என்று கேட்டார்.

“பார்த்தேன்” என்றேன்.

“பார்த்துமா நாரை பேசுற பேச்சான்னு கேக்கற?”

வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். அப்புறம் பேசலாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

அவர் என் கடையின் பின்னறையிலிருந்தே நியூயார்க்கில் இருக்கும் எடிட்டர் பிரெண்டனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசுவார், காதும் கொஞ்சம் மந்தம். அட்டைப்பெட்டியை மடிக்கிற சாக்கில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தப்பு என்னோடது பிரெண்டன். நான் வெளிய சொல்லிடறேன்.”

“ஐயோ லொரேட்டா, தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க. ரெண்டாவது பதிப்புல சத்தமில்லாம மாத்திடலாம். நாலு பேர் பார்த்து ஓகே சொன்ன பக்கம் அது. வெளிய தெரிஞ்சா எல்லாருக்கும்தான் அசிங்கம்.”

“அதுவரைக்கும் அந்தப் பொண்ணு?”

“ரெண்டு வாரத்துல அடங்கிடும். எப்பவும் அடங்கிடும்ல?”

“அவ வீட்டு அட்ரஸைப் போட்டுட்டாங்களாமே. அக்கா வீட்டுக்குப் போயிட்டாளாமே.”

“மேல பேசிக்கிட்டிருக்காங்க.”

“என்னன்னு பேசிக்கிட்டிருக்காங்க? அவளைத் தூக்குறதைப் பத்தியா?”

வேறொரு அழைப்பு வருகிறது என்றான் பிரெண்டன். லொரேட்டா போனை வைத்துவிட்டு, பெப்பரோனி உருண்டையைத் திரும்பக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் அன்றே என் போஸ்டை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கடையில் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா?

வியாழக்கிழமை மதியம் அவர் எழுதினார். அவரைப் பின்தொடர்கிறவர்கள் அறுபத்திரண்டு பேர். புரட்டுவதற்கு முன் இருந்த பக்கம், புரட்டிய பின் இருந்த பக்கம், இரண்டையும் போட்டு, கீழே நாலு வரி: ‘இந்தத் தவறு என்னுடையது. நெல் ஹார்டிகன் எழுதியது சரியாகத்தான் இருந்தது. நாரை அப்படிச் சொல்லவில்லை. நான் வெட்கப்படுகிறேன்.’ அதைப் படித்ததும் என் போஸ்டை அழித்தேன். மன்னிப்புக் கேட்டு இன்னொன்று எழுதினேன். அதைப் பதினோரு பேர் பார்த்தார்கள்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் இரண்டு கூட்டமும் லொரேட்டாவைக் கண்டுபிடித்தது. கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கிழவியை முன்னால் தள்ளிவிட்டது என்றது முதல் கூட்டம். நாரை சொன்னது சொன்னதுதான், இவள் பயந்து மூடி மறைக்கிறாள் என்றது இரண்டாவது. பழைய பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, இது நேற்று செய்த போலி என்று ஒருவன் நிரூபித்தான். அவர் சர்ச்சில் மீன் பரிமாறும் போட்டோவைத் தோண்டியெடுத்து இவள் அந்தக் கட்சி என்றான் ஒருவன், கூந்தலில் அடித்திருந்த ஊதாச் சாயத்தைப் பார்த்து இவள் இந்தக் கட்சி என்றான் இன்னொருவன். வருஷம் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். லொரேட்டா சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்பினால் இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போக வேண்டும், அதனால்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் சர்ச் கூடத்துக்குப் போனேன். தவக்காலம் முழுக்க வெள்ளிதோறும் அங்கே வறுத்த மீன் சாப்பாடு நடக்கும், லொரேட்டா கோல்ஸ்லா என்ற கோஸ் பச்சடியைப் பரிமாறுவார். பிளாஸ்டிக் உறை மாட்டிய கையில் பெரிய கரண்டியோடு நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது.

“எப்படி இருக்கீங்க?”

“நேத்துலேருந்து ஊர் பேர் தெரியாதவன்லாம் செத்துப் போன்னு எழுதறான். இங்க ஒருத்தர்கூட அதைப் பத்திக் கேக்கலை. கோல்ஸ்லா தண்ணியா இருக்குன்னுதான் திட்டினாங்க. அது உண்மைதான், தண்ணியாத்தான் இருக்கு.”

“எதுக்கு அதையெல்லாம் படிக்கிறீங்க? போனைத் தூக்கி உள்ள போடுங்க.”

“என்னைத் திட்டுறது போகட்டும் வெண்டல். அவளை விட்டுட்டாங்களான்னு பார்க்கத்தான் படிக்கிறேன். விடலை.” கரண்டியை வைத்துவிட்டு, “தப்பு பண்ணினேன், ஒத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் என்னதான் பண்ணணும் ஒரு மனுஷி?” என்றார். நான் தட்டை நீட்டினேன். பின்னால் நின்ற கிழவர், வரிசை நகரட்டும் என்று இருமினார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி அறிவித்தது: நெல் ஹார்டிகன் சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறார். அவள் எழுதி முடித்து வைத்திருந்த மிச்ச நாலு இதழும் வராது. அதே நாள் பிரெண்டனிடமிருந்து லொரேட்டாவுக்கும் கடிதம் வந்தது. அடுத்த இரண்டு புத்தகங்களின் எழுத்து வேலையை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறார்களாம், கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று அன்போடு எழுதியிருந்தான்.

மறுநாள் புதன். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். பதினோரு மணிக்கு வந்தார், இரண்டு உருண்டைகளோடு. அந்த வாரம் அவர் எழுத்து வைத்த புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் புரட்டி, வால்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெயரைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

“நெல்லா? நான்தாம்மா உனக்குப் போன் பண்ணியிருக்கணும். எனக்கு தைரியம் வரலை.”

ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் தூக்கம் இல்லாத குரலாக இருந்தது. “நீங்க எழுதினதைப் படிச்சேன். நன்றி சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். ப்ரூஃபை நானும்தான் பார்த்தேன் லொரேட்டா. எனக்கே தெரியலை. நான் எழுதினது என் மண்டைக்குள்ள இருந்துச்சு, அதைத்தான் படிச்சேன் போல.”

“நீ திரும்பி வந்துடுவம்மா.”

“இல்லைங்க. வேணாம். எங்க அக்கா பிள்ளைங்க வெளிய விளையாடப் போக முடியலை. முடியாது என்னால.”

லொரேட்டா அழுதார். பிறகு என்னைப் பார்த்து, “இங்க கடைக்காரர் இருக்கார். உன் பேரைப் போட்டு எழுதினவர். உங்கிட்ட பேசணுமாம்” என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார். நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் வாங்கினேன்.

“பேரை ஞாபகம் வெச்சுக்கங்கன்னு எழுதினது நீங்கதானே?” என்றாள் நெல். “வெச்சுக்கிட்டாங்க.”

“மன்னிச்சிடுங்க. எனக்கு அந்த வால் விஷயம் தெரியாது.”

“தெரியாதுதான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். புஸ்தகம் உங்க கடைக்கு வந்துச்சுல்ல, அந்த புதன்கிழமை? நீங்க படிச்சீங்களா?”

லொரேட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லை” என்றேன்.

“சரி” என்றாள். கோபம்கூட இல்லை. “லொரேட்டா கிட்ட கொடுங்க.”

கொடுத்தேன். அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்கள். போனை வைத்ததும் லொரேட்டா, “போன வாரம் பார்த்தேன்னு சொன்னியே” என்றார். நான் தலை நிமிரவில்லை. அவர் என் பங்கு உருண்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அலமாரியில் நாரை ஒரே ஒரு பிரதி மிச்சம் இருந்தது. எடுத்துக் கல்லாவில் வைத்துப் பிரித்தேன். ஐந்தாம் பக்கம், மழை, இரண்டு முதுகுகள். புரட்டினேன். ஆறாம் பக்கத்தில் நாரை கோட்டைக் கழற்றி வீசிவிட்டுத் தண்ணீரில் குதிக்கிறான். நகரசபை உறுப்பினர் குடைக்குள் நின்று பார்க்கிறார். ஏழு, எட்டு, ஒன்பது, மூன்று பக்கமும் அவன் ஆட்களைத் தூக்கி வருகிறான், தோளில் ஒரு குழந்தை, முதுகில் ஒரு கிழவி. பேச்சே இல்லை, ஒரு பலூன்கூட இல்லை. மூழ்கட்டும் என்று சொன்னவன் இவன் இல்லை என்று யார் பார்த்தாலும் தெரிந்திருக்கும். புத்தகம் முழுதையும் படித்து முடிக்க எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது.