பிரிக்காத கிட்டும் கட்டாத ஃபீஸும்

சென்ற திங்கட்கிழமை மாலை என் வீட்டுக் கூடத்தில் ஒரு நிதிக்குழு கூடியது.

உறுப்பினர்கள் மூவர். மாடியில் குடியிருக்கும் மகேஷ், அவர் மனைவி கோமதி, கீழே வசிக்கும் நான். தலைமைப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். காரணம்? முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். ஒரு நாட்டின் பற்றாக்குறையைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவனுக்கு ஒரு வீட்டின் பற்றாக்குறையைத் தீர்க்கத் தெரியாதா என்ன?

தெரியாது. ஆனால் அதை அவர்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கலாம் — எங்கள் வீட்டில் நிதித்துறை என் மனைவி லலிதாவிடம் இருந்தது. பதினான்கு மாதங்களாக அந்த இடம் காலி. கூடுதல் பொறுப்பாக நான் கவனித்துவருகிறேன். பாலின் விலையை அண்மையில்தான் மனப்பாடம் செய்தேன். இதற்குமேல் இதைப் பற்றி வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். (அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

மகேஷ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்ப் பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடுகிறார். கோமதி இங்கே கரமனையில் பிறந்து வளர்ந்தவர், மலையாளம் கலந்த தமிழ் பேசுபவர், பி.எட். படிக்கிறார். இன்னும் ஒரே ஒரு செமஸ்டர் பாக்கி. அதற்கான ஃபீஸ் பதினெட்டாயிரம். கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இருவரின் மொத்தச் சேமிப்பு நாற்பதாயிரம். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

ஒழுங்கைக் குலைத்தது காலண்டர். கோமதிக்கு எட்டு நாள் தள்ளிப்போயிருந்தது.

“மெடிக்கல்ல கிட் வாங்கிக் குடுத்து மூணு நாளாச்சு சார். பிரிக்கவே மாட்டேங்கா. நீங்களே கேளுங்க,” என்றார் மகேஷ்.

“பிரிக்க மாட்டேன்னு ஆரு சொன்னா? ஃபீஸ் கெட்டினப்புறம் பிரிப்பேன்.”

“அது எப்பிடி முடியும்? ஆமான்னா ஒரு செலவு, இல்லேன்னா ஒரு செலவு. தெரிஞ்சாத்தான துட்ட எடுக்க முடியும்?”

நான் படித்த சாஸ்திரம் முழுவதும் மகேஷின் பக்கம் நின்றது. ஒரு தாளை எடுத்து, இரண்டு கிளைகளுள்ள ஒரு மரம் வரைந்தேன். ஒரு கிளையில் ‘ஆம்’, மறு கிளையில் ‘இல்லை’. தகவல் மலிவாகக் கிடைக்கும்போது அதைப் பெறாமல் முடிவெடுப்பது அறிவுடைமை ஆகாது — இதை எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்பேன்! இங்கே தகவலுக்கு விலையும் கொடுத்தாகிவிட்டது. அது மாடியில், ஃப்ரிட்ஜின் மேல், உறை பிரிக்கப்படாமல் காத்திருக்கிறது.

ஐந்து நிமிடம் விளக்கினேன். நன்றாகவே விளக்கியதாக நினைத்தேன்.

கடைசி பெஞ்சு மாணவனிடம் காட்டும் பொறுமையோடு கோமதி கேட்டுக்கொண்டிருந்தார். பி.எட். பயிற்சி வீண்போகவில்லை.

“சாரே, இல்லேன்னு வந்தா நான் ஃபீஸ் கெட்டுவேன். அதிலே ஆருக்கும் சம்சயம் இல்ல. ஆமான்னு வந்தா? அந்த நிமிஷமே இவங்க அம்மைக்கு போன் போகும். ‘பரீட்சை எங்கட்டி ஓடிப்போவுது, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்’னு அங்கேருந்து வரும். கடை முதலாளி சொல்லுவாரு. பக்கத்து வீட்டுச் சேச்சி சொல்லுவாங்க. எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க. நானும் சரின்னுடுவேன், கேட்டோ... அதான் எனக்குப் பேடி, பயம்.”

“எங்கம்மா அப்பிடிச் சொல்லுவாளா?”

“நாம பால் காய்ச்சின அன்னைக்கே, தொட்டில் மாட்டக் கொக்கி இருக்கான்னு மச்சைப் பாத்தவங்க உங்கம்மை!”

உண்மைதான். கொக்கி இல்லாததைப் பற்றி அந்த அம்மாள் என்னிடமே புகார் செய்திருக்கிறார்.

நான் என் மரத்தைப் பார்த்தேன். கிளைகள் சரியாகத்தான் இருந்தன. ஆனால், விடை தெரிந்த மறுகணம் முடிவு யார் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு அதில் கிளையே இல்லை.

நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன், எம்.ஏ. இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம், “அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாமே” என்று நல்லதற்காகச் சொன்னவன் நான். மகன் வந்தான். அடுத்த வருஷம் வரவில்லை. லலிதா இதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே நிர்வாக முறையைக் கையாண்டேன். இருவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து, “வரும் ஓராண்டுக்கு உங்களுக்குத் தோன்றும் கூடுதல் செலவுகளைத் தனித்தனியே எழுதுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது,” என்றேன். மகேஷ் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார். பள்ளிக்கூடம் யாரையும் முழுதாக விட்டுவிடுவதில்லை.

பத்து நிமிடத்தில் விடைத்தாள்கள் வந்தன. கோமதியின் பட்டியலில் ஃபீஸ், தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, மாத்திரை, ஸ்கேன். மகேஷின் பட்டியலில் மாத்திரை, ஸ்கேன், ஆஸ்பத்திரி, தொட்டில். பிறகு பெரிய எழுத்தில் ‘பிரசவ ரட்சை — 25,000’. அதற்குக் கீழே ஃபீஸ். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இரு பட்டியல்களிலும் கடைசி வரி ஒன்றே: ‘பழவங்காடி பிள்ளையார் — 21 தேங்காய்.’

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் இன்டர்வியூ, பரீட்சை, புது ஸ்கூட்டர், கோர்ட் கேஸ், எதுவானாலும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொள்வது வழக்கம். காரியம் நடந்தால் உடைக்க வேண்டும். நடக்காவிட்டால் கடன் இல்லை.

அந்த வரியை நான் உரக்க வாசித்துவிட்டேன். வாசித்திருக்கக் கூடாது. வேண்டுதல் என்பது சீல் வைத்த உறை. அது தலைவருக்குத் தோன்றவில்லை.

“நீ எதுக்கு நேந்தே?” என்றார் மகேஷ்.

“நீங்க எதுக்கு நேந்தீங்க? அதை முதல்ல சொல்லுங்க.”

எனக்கு விடை தெரியும் என்றே நினைத்தேன். கணவர் குழந்தைக்காக வேண்டியிருப்பார். மனைவி படிப்புக்காக, ‘இப்போது வேண்டாம்’ என்று வேண்டியிருப்பார். வேறென்ன?

மகேஷ் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்தத் தடவ... இல்லேன்னு வரணும்னு.”

கோமதி பேனாவைக் கீழே வைத்தார்.

“வேண்டாம்னு இல்லட்டி. கணக்கு இடிக்குது. கடையில சம்பளம் கூட்டல. ஒண்ணுக்கும் பத்தாம உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் முழிக்கணுமேன்னு...”

“உங்க ரெண்டு பேரையும்” என்று அவர் சொன்னதை மூவருமே கவனித்தோம்.

“நான் ஆமான்னு வரணும்னு நேந்தேன்,” என்றார் கோமதி.

“அப்பம் ஃபீஸு?”

“அதுவும் வேணும். ரெண்டும் வேணும்னு கேக்கப் படாதா?”

ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும் என்பது எங்கள் சாஸ்திரத்தின் முதல் பாடம். கோமதி அதைப் படித்தவரல்லர். அவருடைய பாடம் கணிதம். நான் தலைவருக்குரிய குரலில் அறிவித்தேன்: “விடை எதுவானாலும் யாராவது ஒருவர் இருபத்தோரு தேங்காய் உடைத்தே ஆக வேண்டும். ஆகவே அது நிலைச் செலவு. அதில் விவாதம் இல்லை.”

முதலில் சிரித்தவர் மகேஷ். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கோமதி அவர் பட்டியலைக் கைப்பற்றிவிட்டார்.

“இது என்ன இருபத்தஞ்சாயிரம்?”

“முதலாளி சொன்னாரு. இந்த ஊர்ல அது இல்லாமப் பிரசவமே கிடையாதாம். ஆள் வச்சு நாப்பது நாள் எண்ணெய் தேச்சு, மருந்துத் தண்ணியில குளிப்பாட்டி, லேகியம் குடுத்து...”

“எங்கம்மை கரமனையில சும்மா இருக்காங்களா? ரெண்டு அக்காமாருக்கும் அவங்கதான் எல்லாம் செஞ்சது.”

“மாமியா வீட்டுல போயி நான் கையேந்தணுமாக்கும்?”

“உங்க தங்கச்சிக்குத் தலைப்பிரசவம் எங்கே?”

“எங்க வீட்டுல.”

“செலவு ஆரு?”

“...நாங்கதான்.”

“அப்ப அவ மாப்பிள்ளை கையேந்தினாரா?”

“அவன் எங்க ஏந்துனான்? ரெண்டு மாசம் உக்காந்து தின்னுட்டுல்லா போனான்!”

சொல்லி முடித்த பிறகுதான், தாம் எந்தக் கட்சிக்குச் சாட்சி சொன்னோம் என்பது மகேஷுக்கு விளங்கியது. கோமதி பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே கோடாக அடித்தார். இத்தனை பெரிய செலவுக் குறைப்பை இத்தனை விரைவாகச் செய்த நிதிக்குழு எதையும் நான் பாடப்புத்தகத்தில் கண்டதில்லை.

கேள்விக்குறியையும் அவரே அடித்தார். நாற்பதில் பதினெட்டுப் போக, மீதி இருபத்திரண்டாயிரம். மகேஷ் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

“அப்பவும் இடிக்குமே கோமு.”

“இடிக்கட்டும். இடிஞ்சு விழாது அல்லே?”

வியாழக்கிழமை வரை மேலே நடமாட்டம் மட்டும் கேட்டது. வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கோமதி இறங்கி வந்து போனை நீட்டினார். ஃபீஸ் கட்டிய ரசீது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தேன். பதினெட்டாயிரம், பெயர், செமஸ்டர், எல்லாம் சரி.

“கெட்டியாச்சு சாரே. இனி போய்ப் பாக்கட்டா?”

யாரிடம் அனுமதி கேட்கிறார் பாருங்கள்! நான் தலையை மட்டும் அசைத்தேன்.

அடுத்த பத்து நிமிடம் மாடியில் சத்தமே இல்லை. அன்று கடைக்கு லீவு போட்டிருந்த மகேஷ் நடப்பதுகூடக் கேட்கவில்லை. நான் செய்தித்தாளின் ஒரே பத்தியை மூன்று முறை படித்தேன். பிறகு என் தலைக்குமேல் தொம்மென்று ஏதோ விழுந்தது. மகேஷ்தான் என்று பிற்பாடு தெரிந்தது — அதிர்ச்சியில் அல்ல, குதித்ததில். பிறகு சிரிப்பு. பிறகு திருநெல்வேலிக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், தெருவில் பாதிப் பேருக்கு அது பொது அறிவிப்பு.

“எம்மா... ஆமாம்மா... ஆமா, உனக்குப் பேரப்புள்ளதான்!”

மறுமுனையில் குலவையில் பாதி, அழுகையில் பாதி. உடனே, எதிர்பார்த்தபடியே, அந்த வாக்கியம் வந்தது.

“அப்பம் பரீட்சை பரவால்லய்யா, அடுத்த வருஷம் எழுதிக்கிடட்டும்...”

நான் செய்தித்தாளைக் கீழே வைத்தேன்.

“ஃபீஸ் கட்டியாச்சும்மா. பதினெட்டாயிரம். திருப்பித் தர மாட்டானுவ!”

பிறகு அந்த அம்மாளின் குரல் முற்றிலும் வேறு சுருதியில் ஒலித்தது: “பதினெட்டாயிரமா? ஏ, துட்ட கட்டிட்டு எழுதாம வுட்டா எப்பிடி? எழுதச் சொல்லு அவள!”

செலவாகிப்போன பணத்தை வைத்து அடுத்த முடிவை எடுப்பது தவறு என்று என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் போதித்திருக்கிறேன். மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அவர்கள் எல்லோரிடமும் இந்தப் பத்தியின் வாயிலாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தவறான தர்க்கம் நீடூழி வாழட்டும்.

தேர்வு வரும்போது கோமதிக்கு ஏழாம் மாதம். ஒரே ஹால் டிக்கெட்டில் இரண்டு பேர் உள்ளே போகப்போகிறார்கள்... கண்காணிப்பாளரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.