ஓரகத்தியின் வரப்புப் பூக்கள்

என் ஓரகத்தி செல்விக்கும் எனக்கும் அடுத்தடுத்த கொல்லை. சங்கராபுரத்துப் பக்கம் இருவருமே பருத்தி போட்டிருந்தோம். அவள் மட்டும் வரப்பைச் சுற்றித் துலுக்கச்சாமந்தியும் சூரியகாந்தியும் விதைத்தாள். "பூ வித்துப் பொழைக்கப் போறாளா?" என்று நான் சிரித்தேன்.

என் பருத்தியில் அசுவினிப் பூச்சி அப்பி இலையெல்லாம் சுருண்டது. மருந்தடித்தும் திரும்பத் திரும்ப வந்தது. அவள் செடியோ பளிச்சென்று நின்றது. என் வீட்டுக்காரரே அங்கே நின்று, "இன்னாமா காய் புடிச்சிருக்குது பாரு!" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் ஏதோ உசத்தியான மருந்து அடிக்கிறாள் என்றே நினைத்தேன். ஒரு காலையில் அவள் கொல்லைக்குள் புகுந்து இலையைப் புரட்டிப் பார்த்தேன். பொறிவண்டுகள் அசுவினியைத் தின்றுகொண்டிருந்தன. பின்னாலிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"பூவுல இருக்கிற மகரந்த மாவைத் துன்னத்தான் வருதுங்கக்கா. வந்தா அசுவினியையும் துன்னுடும். உங்க கொல்லைக்கும் வந்துக்கினுதான் இருந்துச்சு. நீங்க அடிச்ச மருந்துல செத்துப்போச்சுங்க."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் எங்கூட பேசறதே இல்லியேக்கா."



அடுத்த வருஷம் மருந்தை நிறுத்தி, அவள் கொடுத்த விதையையே என் வரப்பிலும் போட்டேன். பருத்தி தேறியது. ஆனாலும் அவள் கொல்லையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தால் இன்றும் என் வயிறு எரியத்தான் செய்கிறது. முன்பெல்லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இப்போது வயிற்றெரிச்சலோடேயே போய் அவள் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.