பின்னச்சில் செருகிய ஆணி

இது நடந்தது. பொழுது போகாமல் யாரோ கட்டிவிட்ட கதை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், கருங்குளம் சாலையில் உச்சிவெயில் நேரத்தில் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்து பேசட்டும். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? இது நட்டநடுப் பகலில் நடந்தது. 1914, சித்திரை மாதம்.

மேலப்பாளையத்து நூகு கொழும்பில் மோட்டார் ஓட்டப் படித்து வந்தவன். கொற்கைப் பக்கத்துப் பண்ணையார் திருஞானசம்பந்தம் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு மோட்டாரை வாங்கி இறக்கியபோது அவனைத்தான் வேலைக்கு வைத்தார். நூகு வண்டியைத் தன் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டான். ஆட்கள் ஏறியதும் பாரம் தாங்குகிற பின்பக்கத்து இரும்பு வில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்ப்பான். நாலு பேர் ஏறினால் நாலு விரல் இடைவெளி. பாரம் கூடி இடைவெளி அதற்கும் குறைந்தால் இறங்கச் சொல்லிவிடுவான், பண்ணையாரின் மாமனாராகவே இருந்தாலும் சரி. வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. அந்த வீட்டைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று காலை பண்ணையாரின் மனைவி பிரம்மநாயகிக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். இனிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிதான். பின்சீட்டில் பிரம்மநாயகி. அவளை மடியில் தாங்கிக்கொண்டு பண்ணையாரின் அக்கா பாலம்மாள், தாலியறுத்து வெகுகாலம் ஆனவள். முன்னால் பண்ணையார். நூகு வண்டியை விரட்டினான்.

ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டியதும் பின்னாலிருந்து சத்தம் வந்தது. டொக்... டொக்... பள்ளத்துக்கு ஒரு டொக். பிறகு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தது. நூகு நிறுத்திக் குனிந்து பார்த்தான். பின்னச்சையும் வில்லையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்டட்டு, அந்த முரட்டுத் திருகாணி, தளர்ந்து ஆடியது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கடையாணி மாதிரி, அதன் நட்டு கழலாமல் இருக்க ஒரு சின்னப் பின் உண்டு. அது வழியில் எங்கோ விழுந்திருந்தது. இப்படியே போனால் அச்சே கழன்றுவிடும்.

"என்னவே?" என்றார் பண்ணையார்.

"ஸ்டட்ட முறுக்கிரலாம் மொதலாளி. பின்னுக்குத்தான் என்ன செய்யன்னு தெரியல."

பண்ணையார் அண்ணாந்து பார்த்தார். வண்டி நின்றது ஒரு பெரிய புளியமரத்தடியில். அவர் முகம் செத்துப்போனது.

"இங்கனயா நிக்கணும்..." என்று முனகினார். "நான் ஊருக்குள்ள போயி மாட்டுவண்டி கிடைக்கான்னு பாக்கேன். நீ சீக்கிரம் செய்யி."

திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

பிரம்மநாயகி அலறினாள். நூகு கருவிப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினான். ஓர் ஆணி இல்லை, துண்டுக் கம்பி இல்லை. நிமிர்ந்தவன் கண்ணில் மரம் பட்டது. அடிமரம் முழுக்க ஆணிகள். பேய் பிடித்தவர்களின் முடியைச் சுற்றி மந்திரவாதிகள் அறைந்து வைத்தவை. எல்லாம் துருவேறிப் பட்டைக்குள் புதைந்து கிடந்தன. ஒன்று மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

அதில் கை வைக்கக் கூடாது என்று நூகுவுக்குத் தெரியாமல் இல்லை. பாலம்மாளிடம் கேட்டால் நிச்சயம் தடுப்பாள். ஆனால் உள்ளே இரண்டு உயிர் ஊசலாடுகிறது. 'பிஸ்மில்லா' என்று முணுமுணுத்துக் குறட்டால் ஆணியைக் கவ்வினான்.

இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து யாரோ தள்ளியது போல ஆணி வந்தது. சுற்றியிருந்த முடியை உருவி எறிந்தான்.

அதுவரை காதைத் துளைத்த சிள்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது. பிரம்மநாயகியின் அலறலும் நின்றது.

ஜாக்கி கொடுத்துத் தூக்கிவிட்டு வண்டிக்கடியில் புகுந்தான். நட்டைத் திருகினால் ஸ்டட்டும் கூடவே சுற்றியது. மேல்நுனியை யாராவது குறட்டால் பிடித்தால்தான் முறுகும். அவனுக்கு எட்டவில்லை.

"அம்மா! சக்கரத்துப் பக்கமா கொறடு கிடக்கு. ஒரு கை பிடிங்கம்மா!"

பிறகு மணலில் காலடி... சரக்... சரக்...

சக்கரத்துக்கு மேலாக ஒரு கை உள்ளே நீண்டது. குறடு ஸ்டட்டைக் கவ்வியது. கெட்டியான பிடி. நூகு முறுக்கினான். நட்டு ஏறியது.

"அப்படித்தாம்மா... விட்ராதிங்க..."

கிலுங்... கிலுங்...

வளையல். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பச்சைக் கண்ணாடி வளையல்கள். வளைகாப்பில் அடுக்குகிற மாதிரி.

பாலம்மாளுக்கு வெறுங்கை அல்லவா?

பிரம்மநாயகியோ... இந்த வலியோடு இறங்கி வந்தாளா?

அப்போது தலைக்கு மேலே, வண்டிக்குள்ளிருந்து பாலம்மாளின் குரல் கேட்டது.

"ஏ நூகு, யாருகிட்ட பேசுத? இவ கண்ணச் சொருகிட்டு எம்மடியில கிடக்கா. சீக்கிரம்யா!"

நூகு திரும்பவும் பார்த்தான்.

அந்தக் கை அசையவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தது. காத்திருந்தது.

ஓடிவிடலாம். ஓடினால் மேலே கிடப்பவள் செத்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு முறுக்கினான். விரல் தவறி அந்தக் கையில் பட்டது.

சில்லென்றிருந்தது.

ஆணியைச் செருகினான். வளைத்தான்.

கை பைய வெளியே போனது.

ஜாக்கியை இறக்கினான். வில் முனகியது... க்ரீ...

பழக்கதோஷத்தில் விரலை வைத்தான்.

இரண்டு விரல்.

உள்ளே இருப்பது இரண்டே பேர். நாலு விரலுக்கு மேல் அல்லவா இருக்க வேண்டும்? ஏன் இரண்டு விரல்?

பண்ணையார் வெறுங்கையோடு ஓடிவந்து ஏறினார். நூகு வண்டியை எடுத்தான். பின்சீட்டிலிருந்து முனகல் கேட்டது. ஒன்றல்ல... இரண்டு குரல். பாளையங்கோட்டை வரைக்கும் அவன் கழுத்தைத் திருப்பவே இல்லை.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். நூகு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேவிட்டான். பண்ணையார் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்போது நர்ஸ் சாலோமி வெளியே வந்து இங்கும் அங்கும் தேடினாள்.

"இன்னொரு அம்மா எங்க?"

"எந்த அம்மா?" என்றாள் பாலம்மாள்.

"உங்க வண்டியில இருந்து மொத ஆளா எறங்குனாவளே. நெறமாசம். கை நெறைய பச்ச வளையல். கட்டில் காட்டுனேன், 'எட்டு வருசமா வந்துக்கிட்டிருக்கேன்'னு சொல்லிட்டு நேரே பிரசவ அறைக்குள்ள போனாவ. உள்ள பார்த்தா ஆளக் காணோம்."

பாலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பண்ணையார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்புறம்தான் நூகுவுக்கு அந்த வீட்டுக் கதை தெரிந்தது. பண்ணையாரின் முதல் மனைவி கோமு. இதே மாதிரி வலியோடு இதே ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் வந்தவள். அந்தப் புளியமரத்தடியில் வண்டியின் அச்சு முறிந்தது. தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு அங்கேயே போய்விட்டாள். பிறகு பேயாக நின்று அந்த வழியே போகிற பிள்ளைத்தாச்சிகளை மறித்தாள். பாலம்மாள்தான் மந்திரவாதியைக் கூட்டிவந்து, செத்தவளின் முடியைச் சுற்றி அந்த ஆணியை அறையச் சொன்னவள்.

மறுநாளே கொல்லுப்பட்டறையில் புதுப் பின் அடித்துப் போட்டார்கள். பழைய ஆணியை மந்திரவாதி அதே துளையில் திரும்ப அறைந்தார். முடி மட்டும் கிடைக்கவில்லை. அதனால் என்ன, ஆணி ஏறிவிட்டது, பயமில்லை என்றார்.

தாய் தேறி வீடு திரும்பும் நாள் வந்தது. பண்ணையார், பாலம்மாள், பிரம்மநாயகி ஏறி உட்கார்ந்தார்கள். நூகு குனிந்து வில்லில் விரலை வைத்தான். நாலு விரலுக்கு மேலேயே இருந்தது. 'அல்ஹம்துலில்லா' என்றான்.

சாலோமி குழந்தையைக் கொண்டுவந்து பிரம்மநாயகியின் மடியில் வைத்தாள்.

க்ரீ...

வில் இறங்கியது. நூகுவின் விரல்கள் நடுவில் நசுங்கின.

இரண்டு விரல்.

ஒரு கைக்குள் அடங்குகிற பச்சைப்பிள்ளைக்கு அவ்வளவு கனம் ஏது?

நூகு விரலை உருவப் பார்த்தான். வெயிலில் கிடந்த அந்த இரும்பு சில்லென்றிருந்தது.