வெள்ளிக்கிழமை அரஃபா

என் 1986 நாட்குறிப்பில், ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ‘பாரசீகக் கையெழுத்து நூல், ஹஜ் பயணம்’ என்று மட்டும் இருக்கிறது. நான் அப்போது குடியிருந்த புறநகரான ஏவன்டேலிலிருந்து என்னுடன் ரயிலில் வேலைக்கு வந்த ஆற்காட்டுக்காரரின் நூல் அது. குறுந்தாடி வைத்திருப்பார். நூலைத் தொடுமுன் கைக்குட்டையால் கைகளை இருமுறை துடைப்பார். தம் பாட்டனார் மெக்கா போய்வந்து எழுதியதைப் பக்கம் பக்கமாக எனக்குத் தமிழில் சொல்வார்.

என்னிடம் முப்பது நாட்குறிப்புகள் இருந்தன. முன்னோர் எழுதிய ஒரு வரிகூட இல்லை. அதனாலேயே அந்த நூலில் ஒரு பிழை தேடினேன். ஹாஜிகள் மெக்காவுக்கு அருகிலுள்ள அரஃபா வெளியில் நின்று தொழும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைவது பெரும் பேறு. பாட்டனார் தமக்கு அது வாய்த்ததாக எழுதியிருந்தார். அவர் குறித்த ஹிஜ்ரி ஆண்டை, இஸ்லாமிய நாள்களுக்குக் கிழமை காட்டும் அட்டவணையில் பார்த்துவிட்டு, மறுநாள் ரயிலில் சொன்னேன்:

“ஐயா, அது வியாழக்கிழமை. உங்கட பாட்டனார் ஆசையில மாத்திப்போட்டார்.”

அவர் சிரித்தார். “உங்க அட்டவணை பிறை பார்த்துச்சா சார்? அவரு பார்த்தாரு. இந்தாங்க, நீங்களே படிங்க. முதல்ல கையைத் துடைங்க.”

துடைத்துவிட்டு வாங்கினேன். ஓர் எழுத்தும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

பாட்டனார் போன ஆண்டு மெக்காவில் பிறை ஒரு நாள் பிந்தித் தெரிந்து, அரஃபா நாள் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனதா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.