பாஸ்கர் படிக்காத திரை

பாஸ்கர் போய்விட்டார் என்று மேலாளர் போனில் சொன்னபோது நான் அம்பத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். முந்தைய மாலை அதே படிக்கட்டில்தான் அவரோடு சண்டை போட்டிருந்தேன். எச்சரிக்கையைப் படிக்காமல் ஏதோ ஒரு மென்பொருளை ஏற்றி, அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அரை நாள் வேலை வைத்திருந்தார். விடிகாலையில் மாரடைப்பாம். சண்டையை முடிக்காமல் போய்விட்டாரே என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. அவர் வீட்டுக்குப் போக ஆவடிக்கு வண்டி ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், தொழிற்பேட்டை அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். திரையில் எது வந்தாலும் படிக்க மாட்டார். ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போவார். கேட்டால், “இன்னா மேடம், இத்தெல்லாம் பட்ச்சிகினு குந்தினு இருந்தா வேலைக்காவுமா?” என்பார். சம்பளம் போடும் நாளன்று எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே தட்டலில் அப்டேட்டுக்கு அனுப்பிவிட்டு, மாடி முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தவர். அந்த டீயைக் குடித்துக்கொண்டேதான் அவரைத் திட்டினோம்.

என் அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்று நான் சேர்க்கைப் படிவத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டு நின்றேன். பாஸ்கர் அதைப் பிடுங்கி, உறவு என்ற இடத்தில் ‘மகன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அப்பா பிழைத்தார். அன்றிலிருந்து அவரை முழு மனதோடு திட்ட என்னால் முடிந்ததே இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை முழுதாக நிறுவினார். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அவருடைய கம்ப்யூட்டராக மாறிவிடுமாம். “ஊட்டயே பாக்கெட்ல எத்துகினு போறேன் மேடம்” என்று பெருமை; ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஒருநாளும் அதைக் கழற்றியதில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கும் அலுவலகக் கோப்புகள் சிலவும் அதில்தான் இருந்தன. காரியம் முடிந்ததும் நான் கேட்க, அவர் மனைவி செல்வி, வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகியிருந்த அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

அலுவலகத்தில் செருகினேன். துவக்க எதுவும் இல்லை என்றது. வேறு துளையில் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எதிலிருந்து துவங்க வேண்டும் என்ற வரிசையில் பென்டிரைவை முதலில் வைத்தேன். வெளி மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டை எடுத்தேன். வேறு கம்ப்யூட்டருக்குப் போனேன். அங்கேயும் கறுப்புத் திரைதான். செத்தும் என் உயிரை வாங்குகிறாரே என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து மேசையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அவர் மகள் நிவேதா போன் செய்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரும் ஓடவில்லையாம். அவளுடைய கடைசி வருட ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் பிரதி இல்லை, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும். தெருமுனைக் கடைக்காரர் வந்து, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். “அப்பா இருந்தா திட்டவாச்சும் செய்யலாம் ஆன்ட்டி” என்றாள். யாரையும் தொடவிடாதே என்று சொல்லிவிட்டு சேக்காட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. தான் தேடும் டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. அதைப் படித்ததும் பாஸ்கர் என்ன செய்திருக்கிறார் என்று விளங்கிவிட்டது. லினக்ஸை நிறுவும்போது, துவக்கும் நிரலை எதில் எழுதட்டும் என்று ஒரு கேள்வி வரும். அவர் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்காமல் ‘அடுத்து’ தட்டியிருக்கிறார். துவக்கும் நிரல் வீட்டு ஹார்ட் டிஸ்கில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு வேண்டிய மீதி பென்டிரைவில் இருந்தது. இது இல்லாமல் அது ஓடாது, அது இல்லாமல் இதுவும் ஓடாது. இரண்டையும் பிரித்தவள் நான்.

பென்டிரைவைச் செருகினேன். எதைத் துவக்கட்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. விண்டோஸைத் தேர்ந்தெடுத்ததும் நிவேதாவின் ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுடையதையும் அலுவலகக் கோப்புகளையும் வேறொன்றில் பிரதி எடுத்தேன். பிறகு செல்வியிடம், இதைச் சரிசெய்ய ரொம்ப நேரம் ஆகாது, அப்புறம் பென்டிரைவ் இல்லாமலே ஓடும் என்றேன்.

செல்வி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேணாங்க்கா. அவரு பண்ணி வச்ச தப்பு ஒண்ணாச்சும் ஊட்ல இருக்கட்டும்.”

நான் அதைத் தொடாமல் எழுந்து வந்தேன். பாஸ்கரின் நல்ல குணங்களை நீங்கள் எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். எல்லாம் உண்மைதான், எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்குள்ள கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.