சிரிப்புச் சத்தம் சேர்க்காத வீடியோ

தென்காசியில் ஒரு செருப்புக் கடைக்கு நான்தான் ரீல்ஸ் செய்து கொடுக்கிறேன்.

குற்றாலத்தில் ஒருவர் படியில் வழுக்கி விழும் வீடியோ போன சீசனில் வாட்ஸ்அப்பில் வந்தது. சிரிப்புச் சத்தம் சேர்த்து, "நம்ம கடைச் செருப்பு போட்டிருந்தா விழுவாரா?" என்று எழுதிப் போட்டேன். ஊரே பகிர்ந்தது.

இன்று மதியம் விழுந்தவருடைய மனைவி ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டார்.

"இப்பவே டெலிட் பண்ணிருதேன்க்கா" என்றேன்.

"அதுக்கு வரல தம்பி. அவுக போன மாசம் நெஞ்சுவலில போயிட்டாவ. அன்னைக்கு விழுந்து எந்திரிச்சதும் என்னயப் பாத்து, 'ஏட்டி, சிரிக்காத'ன்னு சொன்னாவ. அவுக பேசுன வீடியோ வேற எதுவும் எங்கிட்ட இல்ல. அந்தச் சிரிப்பு சத்தத்த மட்டும் எடுத்துட்டுத் தருவியா?"

சிரிப்பைச் சேர்த்தபோது அவர் பேசியதை நான் அழித்துவிட்டேன். எனக்கு வந்த பழைய வீடியோவும் இப்போது என்னிடம் இல்லை.

அதைச் சொன்னேன். "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதைப் படிக்கிற யாரிடமாவது அந்தப் பழைய வீடியோ இருந்தால் அனுப்புங்கள். சிரிப்பு ஸ்மைலி போட வேண்டாம். போன தடவை நிறையவே போட்டுவிட்டீர்கள்.